பல்லின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது?

எங்கள் கடை வாசலில் நின்று மேற்கே பார்த்தால் பதினோரு காற்றாடிகள் தெரியும். வைகாசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கிவிட்டால் ஆவணி வரைக்கும் அவை ஓய்வதில்லை. உடுமலைப் பக்கத்தில் யாரும் அவற்றை நிமிர்ந்துகூடப் பார்ப்பது கிடையாது. அந்தக் காற்றில் கடைக்கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு நான் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருப்பேன். அப்பா ஆரம்பித்த கடை.

போன ஆடியில் ஒரு நாள் மனைவி வழியில் மாமா முறையாகும் ஒருவர் வந்தார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். பைக்கை விட்டு இறங்குவதற்குள் போனை நீட்டிவிட்டார்.

"மாப்ள, இதைப் பாரு. ஒருக்கா சுத்தி உட்டாப் போதுமாமா. அப்பறம் அதும்பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்குமாமா."

வீடியோவில் ஒரு மோட்டார், அதிலிருந்து பெல்ட் போய் ஒரு கனமான இரும்புச் சக்கரம், அதிலிருந்து இன்னொரு பெல்ட் போய் ஆல்டர்னேட்டர், அதாவது சுற்றினால் கரண்டு தரும் எந்திரம். ஆல்டர்னேட்டரின் வயர் திரும்பவும் மோட்டாருக்கே வருகிறது. நடுவில் ஐந்து பல்பு. ஒருவர் சுவிட்சைப் போட்டு எல்லாவற்றையும் ஓடவிட்டு, பிறகு பிளக்கைப் பிடுங்கிக் கேமராவுக்குக் காட்டுகிறார். சக்கரம் ஓடுகிறது. பல்பு எரிகிறது. பின்னணியில் சினிமா வெற்றி விழா மாதிரி இசை.

"சரிங்க மாமா, கரண்டு எங்கிருந்துங்க வருது?"

"சக்கரத்துலிருந்து."

"சக்கரத்துக்கு?"

"மோட்டார்லிருந்து."

"மோட்டாருக்கு?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். குதர்க்கம் பேசும் மருமகனைப் பார்க்கும் பார்வை அது. அதற்குள் அவர் யாரிடமோ மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாட்ஸ்அப்பில் 'சர்க்யூட் டயக்ரம்' வேறு வாங்கியிருந்தார். இது ஓடாதுங்க என்றேன். நீ செய்யாவிட்டால் வேறு எவனாவது செய்வான் என்றார். அதுவும் உண்மைதான். சாமான் உங்களுடையது, கூலி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன்.

கூலி வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் தாராள மனசு இல்லை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நானும் ஒரு சக்கரம் வரைந்திருக்கிறேன். விளிம்பில் சாய்வாகக் காந்தங்கள், எதிரே இன்னொரு காந்தம், தள்ளித் தள்ளிச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று. ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. யாரும் திருடிவிடக்கூடாது என்று நோட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். செய்து பார்த்தபோது ஒரு காந்தம் எந்த அளவு தள்ளியதோ அதே அளவுக்கு அடுத்தது இழுத்துப் பிடித்துக்கொண்டது. சக்கரம் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. அதனால் மாமாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

லேத் பட்டறையில் 22 மி.மீ. தகட்டில் 60 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டிக் கடைந்து வாங்கினோம். எடை ஏறக்குறைய 50 கிலோ. என்னிடம் கிடந்த 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்று, பழைய ஜெனரேட்டர் செட்டிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர் ஒன்று. சக்கரம் 1440 சுற்று வேகம் பிடிக்கவே அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. மோட்டார் உறுமியது. ஓடவிட்டு நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

இந்தச் சக்கரத்துக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். பள்ளிக்கூடப் பாடம்தான். 50 கிலோ, 30 செ.மீ. ஆரம், நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் சுமார் 25,500 ஜூல் வருகிறது. கேட்க மலைப்பாக இருக்கும். ஒரு யூனிட் கரண்டு என்பது 36 லட்சம் ஜூல். அதாவது இப்படி 140 சக்கரங்களை முழு வேகத்தில் சுற்றவிட்டு, ஒரு சொட்டுகூட வீணாகாமல் உறிஞ்சி எடுத்தால்தான் மீட்டரில் ஒரே ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டை அரசாங்கமே சும்மா தருகிற ஊரில் இதற்கு இவ்வளவு இரும்பு எதற்கு என்று மாமாவிடம் கேட்க நினைத்து, கேட்கவில்லை.

ஆனால் அதே 25,500 ஜூலை ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு மட்டும் கொடுத்தால் கணக்குப்படி முக்கால் மணி நேரத்துக்கு மேல் எரியும். பேரிங்கிலும் பெல்ட்டிலும் போவதைக் கழித்தால்கூடச் சில நிமிடம் தாங்கும். வீடியோக்களின் சூட்சுமத்தில் பாதி இங்கேயே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பல்பு எரிவது பொய் கிடையாது. சக்கரம் தான் வாங்கிவைத்த கடனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வீடியோ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் சோதனைக்கு 100 வாட் குண்டு பல்பு நான்கு மாட்டினேன். மோட்டாருக்குப் போகிற வழியில் ஒரு மீட்டர், ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிற வழியில் ஒரு மீட்டர். இரண்டும் வீட்டில் மாட்டுவது போன்றவை, யூனிட்டுக்கு 3200 தடவை சிவப்பு விளக்கு சிமிட்டும். கிளாம்ப் மீட்டரை நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை. அது ஆம்பியரை மட்டும்தான் காட்டும். ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கி வாட் என்று சொல்லிவிடுவது இந்தத் துறையில் ரொம்பப் பேர் செய்கிற தப்பு. காயிலும் கண்டென்சரும் இருக்கிற இடத்தில் கரண்டும் வோல்ட்டும் ஒன்றாகக் கால் வைத்து நடப்பதில்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லும் பவர் ஃபேக்டரைக் கணக்கில் சேர்க்காமல் இல்லாத வாட்டை இருப்பதாகக் காட்டிவிடலாம். மனதறிந்து ஏமாற்றாதவர்கள்கூட இங்கே தாமே ஏமாந்திருக்கிறார்கள்.

மாமா முன்னால் குந்தவைத்து உட்கார்ந்து எண்ணினார். உள்ளே போகிற மீட்டர் நூறு தடவை சிமிட்டும் நேரத்தில் வெளியே வருகிற மீட்டர் நாற்பத்தெட்டு. திரும்பவும் எண்ணினார். நாற்பத்தேழு.

"பாதி எங்க போச்சு?"

மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். தொட்டுவிட்டுக் கையை உதறினார். ஆல்டர்னேட்டரும் சூடு. பெல்ட்டும் சூடு. பேரிங் கூடு வெதுவெதுப்பு. அந்த முற்றத்துக் காற்றைச் சூடாக்குவதற்கு நாங்கள் பாதிக் கரண்டைச் செலவு செய்துகொண்டிருந்தோம்.

அப்புறம் வீடியோவில் காட்டியபடியே சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி, மோட்டாரை ஆல்டர்னேட்டரோடு கோத்துவிட்டோம். பல்பு மஞ்சளாகி, சிவந்து, கம்பி மட்டும் கங்கு மாதிரி தெரிந்து அணைய 19 விநாடி. மறுபடி வேகம் ஏற்றி, இந்தத் தடவை மோட்டாரைக் கோக்காமல், சக்கரமும் ஆல்டர்னேட்டரும் பல்பும் மட்டும். 26 விநாடி. மாமா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தைக் காப்பாற்றுவதற்காக மாட்டிய மோட்டார்தான் அதைச் சீக்கிரம் நிறுத்துகிறது என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். ஆயிரம் வாட்டை உள்ளே விட்டுப் பாதியை வெளியே எடுக்கிற ஒன்றை வளையமாக மாட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் பாதி, பாதியில் பாதி என்று தேய்ந்துகொண்டே போகும். சுங்கச்சாவடியையே சுற்றிச் சுற்றி வருகிறவன் பர்ஸ் மாதிரி.

"உராய்வை மட்டும் ஒழிச்சுட்டா?" என்றார். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். ஒழித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். சக்கரம் நிற்காமல் சுற்றும், ஆனால் சும்மா சுற்றும். அதிலிருந்து ஒரு பல்பை எரித்தால் பல்புக்குப் போன அளவு வேகம் குறையும். இதற்கு விதிவிலக்கு கிடையாது, பூமிக்கே கிடையாது. நிலா கடலை இழுத்து ஏற்றி இறக்கும்போது உண்டாகும் உராய்வால் பூமியின் சுழற்சி மெதுவாகிக்கொண்டிருக்கிறது. நூறு வருஷத்துக்கு நாளின் நீளம் சுமார் 2 மில்லி விநாடி கூடுகிறது. பிரான்ஸில் ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் 1966-இல் தொடங்கிய 240 மெகாவாட் ஓதமின் நிலையம், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தில் ஓடும் மின் நிலையம், எடுக்கிற கரண்டெல்லாம் அந்தப் பெரிய சக்கரத்தின் சுழற்சியிலிருந்து கடன் வாங்கியதுதான்.

இந்த ஆசை நேற்று முளைத்ததும் இல்லை. கி.பி. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் தானே சுழலும் சக்கரம் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் 'சித்தாந்த சிரோமணி'யில் அதையே இன்னும் விரிவாகச் சொல்கிறார்: லேசான மரத்தில் சக்கரம், உள்ளே துளையுள்ள ஆரங்கள், ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதரசம், வாயை அடைத்துவிட்டு அச்சில் மாட்டினால் தானே சுற்றும். பாஸ்கரர் பெரிய கணக்கர், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தச் சக்கரம் சுற்றாது. ஒரு பக்கம் பாதரசம் விளிம்புக்கு ஓடி அச்சிலிருந்து தூரமாக நிற்கும். அந்தப் பக்கம் கனம் கூடும் என்று தோன்றும். மறுபக்கத்தில் பாதரசம் அச்சுக்குக் கிட்டே இருந்தாலும் எண்ணிக்கையில் அதிக ஆரங்கள் அந்தப் பக்கம் சேர்ந்துவிடும். தூரத்தில் ஜெயித்ததை எடையில் தோற்கிறது. தராசு மாதிரி ஓர் இடத்தில் சமனாகி உட்கார்ந்துகொள்ளும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்ஸில் வில்லார் த ஒன்னெகூர் சுத்தியல்களைத் தொங்கவிட்டு வரைந்த சக்கரத்துக்கும் இதே வியாதிதான். 'நம் முன்னோர் அப்போதே கண்டுபிடித்தார்கள்' என்று இந்தப் பாதரசச் சக்கரத்தைக் காட்டும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்குப் பாஸ்கரருக்காக வருத்தமாக இருக்கும். அவரைப் பாராட்டுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்காவில் சார்லஸ் ரெடெஃபர் கதை. 1812-இல் பிலடெல்பியாவில் தானே ஓடும் எந்திரம் ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். பக்கத்தில் இன்னொரு எந்திரத்தைப் பல்சக்கரத்தால் இணைத்து, பாருங்கள், என்னுடையது அதையும் ஓட்டுகிறது என்றார். 1813 ஜனவரியில் பார்வையிட வந்தவர்களை உள்ளே விடவில்லை, கம்பி போட்ட ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. வந்தவர்களில் நேத்தன் செல்லர்ஸ் என்ற பொறியாளர் மகன் கோல்மனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அந்த மகன்தான் கவனித்தார்: பல்லெல்லாம் தப்பான பக்கத்தில் தேய்ந்திருக்கிறது.

இதைப் படித்தபோது நான் கடையில் எழுந்தே நின்றுவிட்டேன். ஏனென்றால் எங்கள் தொழிலில் கழற்றிவைத்த பல்சக்கரத்தைக் கையில் எடுத்ததும் விரல் தானாகத் தடவிப் பார்ப்பது அதைத்தான். தள்ளுகிற பல்லுக்கு முன்முகம் தேயும். தள்ளப்படுகிற பல்லுக்குப் பின்முகம் தேயும். சைக்கிள் பல்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். வாடிக்கையாளர் என்ன கதை வேண்டுமானாலும் சொல்லட்டும், எது எதை ஓட்டியது என்று பல் சொல்லிவிடும். ரெடெஃபரின் எந்திரம் அந்த இன்னொன்றை ஓட்டவில்லை. அதுதான் இதை ஓட்டிக்கொண்டிருந்தது.

செல்லர்ஸ் நேராகப் போய்ச் சண்டை போடவில்லை. ஐசையா லூக்கன்ஸ் என்ற கைதேர்ந்த கைவினைஞரை வைத்து, உள்ளே சாவி கொடுக்கும் ஸ்பிரிங்கை ஒளித்து, அச்சு அசலாக ஒரு நகல் செய்யச் சொல்லி ரெடெஃபருக்கே காட்டினார். பார்த்தவருக்குக் கதிகலங்கிப்போனது. தன்னுடையது பொய் என்று தெரிந்தவர், இது மட்டும் மெய்யோ என்று மயங்கியிருக்கிறார்! ஏமாற்றுகிறவனையும் விடாத ஆசை இது.

மனிதர் அங்கிருந்து நியூயார்க்குக்குப் போனார். 1813-இல் நீராவிப் படகால் பேர்பெற்ற ராபர்ட் ஃபுல்டன் பார்க்க வந்தார். சத்தத்தைக் கேட்டவுடனே இது கையால் சுற்றுகிற வேகம் என்று சொல்லிவிட்டார். சீராக இல்லாமல், ஒரு சுற்றுக்குள் ஏறி இறங்கியிருக்கிறது. கைப்பிடி மேலே வரும்போதும் கீழே போகும்போதும் மனிதன் கைக்கு ஒரே பலம் இருப்பதில்லை. ஃபுல்டன் எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மெல்லிய மரச்சட்டங்களைப் பெயர்த்தார். உள்ளே நரம்புக் கயிற்றில் ஒரு பெல்ட். சுவருக்குள் நுழைந்து மேலே போகிறது. பின்னாலேயே ஏறிப்போனால் பரணில் ஒரு தாடிக்காரக் கிழவர் காய்ந்த ரொட்டியை ஒரு கையில் கடித்தபடி மறு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். கூட்டம் எந்திரத்தை அங்கேயே நொறுக்கியது. கிழவரின் பெயரை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அந்தக் கட்டடத்தில் உண்மையாக வேலை செய்த ஒரே எந்திரம் அவர்.

ஜெர்மனியில் யோஹான் பெஸ்லர் இதைவிடச் சாமர்த்தியசாலி. 1717 நவம்பரில் காசல் பக்கத்து அரண்மனை ஒன்றில் 12 அடி விட்டமுள்ள அவருடைய சக்கரத்தை ஓடவிட்டு அறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். 1718 ஜனவரியில் திறந்தபோதும் ஓடிக்கொண்டிருந்ததாம். கணித மேதை லைப்னிட்ஸ் போன்ற மூளைக்காரரே முன்பு அவருடைய இன்னொரு சக்கரத்தைப் பார்த்து அசந்திருக்கிறார். உள்ளே என்ன என்று மட்டும் யாருக்கும் காட்டவில்லை. 1721-இல் கிராவசாண்டே என்ற டச்சு விஞ்ஞானி கிட்டே போய் அச்சை ஆராயத் தொடங்கியதும் கோபத்தில் தானே சக்கரத்தை உடைத்துவிட்டார். 1727-இல் அவர் வீட்டு வேலைக்காரப் பெண், பக்கத்து அறையிலிருந்து நாங்கள்தான் மாறி மாறிச் சுற்றினோம் என்று வாக்குமூலம் கொடுத்தாள். அவள் சொன்னது முழுக்க உண்மையா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் பெஸ்லர் இறந்த விதம் விசித்திரம்: 1745-இல் ஒரு காற்றாலை கட்டும்போது மேலிருந்து விழுந்தார். கடைசியில் மனிதர் நிஜமாகவே சுற்றுகிற ஒன்றுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

இப்படி ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்ததில் சலித்துப்போய், இனி இந்த மாதிரி எந்திரங்களைப் பரிசோதிப்பதாக இல்லை என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் 1775-இல் அறிவித்துவிட்டது. நம் நாட்டு 1970 காப்புரிமைச் சட்டத்திலும் நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதற்குக் காப்புரிமை இல்லை என்று மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது. 'பேட்டன்ட் வாங்கிய ஃப்ரீ எனர்ஜி' என்று யாராவது விற்க வந்தால் அந்தப் பிரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அயர்லாந்தில் ஸ்டியோர்ன் என்ற நிறுவனம், சும்மா ஆற்றல் தரும் எந்திரம் செய்துவிட்டோம் என்று 2006-இல் பத்திரிகை விளம்பரம் கொடுத்து விஞ்ஞானிகளைச் சவாலுக்கு இழுத்தது. 2007-இல் லண்டனில் காட்டவந்த அன்று எந்திரம் ஓடவில்லை. விளக்குகளின் சூடு காரணம் என்றார்கள். அவர்களே கூட்டிய 22 பேர் நடுவர் குழு, ஆற்றல் எதுவும் உற்பத்தியாவதாகக் காட்டப்படவில்லை என்று 2009-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

ஆனால் இந்த வரிசையில் நேர்மையான ஒரு பொருள் உண்டு. 1760களில் லண்டனில் ஜேம்ஸ் காக்ஸ் ஒரு கடிகாரம் செய்தார். சாவியே கொடுக்க வேண்டாம். அவரும் நிரந்தர இயக்கம் என்றுதான் அதைச் சொன்னார். உள்ளே 68 கிலோ பாதரசம் வைத்த பாரோமீட்டர். காற்றழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் பாதரசம் நகரும், அது எடையை மேலே தூக்கிவிடும். இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதரசம் இல்லாமல் நிற்கிறது. சுவிட்சர்லாந்தில் அட்மாஸ் என்ற மேசைக் கடிகாரத்தை இப்போதும் செய்கிறார்கள். அறையின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் இரண்டு நாள் ஓடும். இரண்டுமே சும்மா ஓடுவதாகத்தான் தெரியும். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் பரணில் கிழவருக்குப் பதிலாகச் சூரியன் உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேனா என்றால், இல்லை. அவருக்கு ஜூல் தேவைப்படவில்லை. டீ குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார். அவர் சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தவர். இரண்டு மாடும் சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட்டுச் சால் தண்ணியோடு மேலே வரும். மாட்டின் எடையும் சேர்ந்து இழுப்பதால் பார்க்க சுலபமாக இருக்கும். அப்புறம் அதே சரிவில் மாடு பின்னோக்கி ஏற வேண்டும்.

"எறங்கறப்ப மட்டும் பாத்தா தண்ணி சும்மா வர்றாப்ல இருக்கும் மாப்ள. ஏர்றப்ப மாட்டு நாக்கைப் பாத்தாத்தான் தெரியும். தீனி பத்தலைன்னா மக்யா நாள் மாடு எந்திரிக்காது."

அந்த மூவாயிரத்தை வாங்கியவரின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஆல்டர்னேட்டரை நானே திரும்ப வைத்துக்கொண்டேன். சக்கரத்தைக் காயலான் கடைக்குப் போடலாம் என்றால் மாமாவுக்கு மனசு வரவில்லை, கடைந்த கூலி ஞாபகம் வந்துவிட்டது. இங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் கடை வாசல் சேறாகிவிடும், பைக் ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். இப்போது வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் தகட்டின்மேல்தான் ஸ்டாண்டு போடுகிறார்கள். நடுவில் அச்சுக்குப் போட்ட ஓட்டையில் மட்டும் மழைத்தண்ணி தேங்கி நிற்கிறது.